பதினேழு நொடி வீடியோ

ஒரு பழைய செல்போனில் பிறந்த வீடியோ அது. மொத்தமே பதினேழு நொடிதான். ஆனால் நிலோஃபரின் மறைந்துபோன வாப்பாவின் குரல் உலகத்திலேயே அதனிடம் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

அதை அவள் எடிட்டிங் மென்பொருளுக்குள் போட்டாள்.

"உன் ஃபார்மட் எனக்குப் புரியாது, வெளியே போ" என்றது மென்பொருள். மூன்று முறை போட்டும் அதே பதில்தான். நிலோஃபர் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வீடியோவுக்கு மனசு கேட்கவில்லை. நேரே ஃபார்மட்டை மாற்றித் தரும் கன்வெர்ட்டரிடம் போய் நின்றது.

"அண்ணே, என்னை மாத்திவிடுங்க."

"மாத்தலாம் தம்பி. ஆனா உன் நிறமும் தெளிவும் கொஞ்சம் போயிடும். போனா திரும்ப வராது."

"குரலு?"

"குரல் நிக்கும்."

"அப்ப சரிண்ணே."

மாறி வந்த வீடியோவை மென்பொருள் மறுபேச்சில்லாமல் வாங்கி ஓட்டியது. "நிலோ, இங்க பாரும்மா" என்றது வாப்பாவின் குரல். அதன்பின் திரைக்கு வெளியே, நிலோஃபரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. வீடியோ பயந்துபோனது.

"அவங்களுக்கு என்னை அடையாளம் தெரியலையா?"

"தெரியாமலா?" மென்பொருளின் குரல் தழைந்திருந்தது. "கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்காங்க. வா, மறுபடி ஓட்டச் சொல்றாங்க."