பெண் பார்க்கும் நேரத்தில் சால்டரிங்

உடுமலையிலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, வீட்டிலேயே எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் பார்க்கும் நித்யஸ்ரீ உள்ளறையில் பட்டுப்புடவையோடு சால்டரிங்கில் குனிந்திருந்தாள். அப்பா பொங்கியண்ணனுக்குத் தலை வெடித்தது.

“அம்மணி, எவன் ஊட்டுச் சாமானோ, வெச்சுப்போட்டு வா கண்ணு!”

“அவசரமுங்கப்பா. சிப்போட காலுங்க எறும்புக்கால் மாதிரி நெருக்கமா இருக்குது. கை ஆடுனா ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும்.”

“இங்க சம்பந்தமே ஒட்டாமப் போகப்போகுது!”

கூடத்துக்கு ஓடினார். மாப்பிள்ளை மதன்குமார் கிளம்புகிறவர் மாதிரி வாசலில் நின்றார். அவருடைய அம்மா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு காப்பி கொண்டாரச் சொல்லட்டுங்களா?”

அந்த அம்மாளிடமிருந்து பதில் இல்லை.

“தோப்புல காய்ப்பு எப்படிங்க?”

அதற்கும் இல்லை. ‘இத்தனை ராங்கி ஆகாது’ என்று பொங்கியண்ணன் பல்லைக் கடித்தார்.

நித்யஸ்ரீ வெளியே வந்து, தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை மதன்குமாரிடம் நீட்டினாள். அவர் அதன் ஒயர் முனையை அம்மாவின் காதில் செருகினார்.

“அம்மாவோட காது மிஷினு வர்ற வழியில நின்னுபோச்சுங்க மாமா. வெளிய சொல்ல அம்மாவுக்குக் கூச்சம். அதான் இவங்ககிட்ட மட்டும் கொடுத்தேன்.”

அந்த அம்மாள் முகம் மலர்ந்து திரும்பினார்.

“இப்ப நல்லாக் கேக்குதுங்க. ஏனுங்க சம்பந்தி, தேதி எப்ப வெச்சுக்கலாம்?”