ஒட்டுப் போட்ட கார்

பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள்ளே பணியாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்ணைப் பெற்ற வெங்கடாசலம் வாசலில், அவர்களுடைய காருக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார்.

மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, சுழி பார்த்த பிறகுதான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுகிற மனிதர் அவர். பரமத்திப் பக்கமிருந்து மாப்பிள்ளையே சொந்தக் கார் ஓட்டிக்கொண்டு வெண்ணந்தூருக்கு வந்து இறங்கினால் சும்மா விடுவாரா? சேலத்து வக்கீலிடம் வாங்கிய பழைய ஃபோர்டாம். மேலே பளபளவென்று பெயிண்ட். அடியில் என்னவோ!

அடியில் துரு. பின்சீட்டுக்கு முன்னால், இடது பக்கக் கதவை ஒட்டிய தரையில், ஒரு சாண் அகலத்துக்கு மண்ணெண்ணெய் டின் தகரத்தை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தது.

எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு கதவைத் திறந்தார். தரை முழுக்கப் புது நார்ப் பாய். அதைத் தூக்கினார். ஒட்டின் ஓரமெல்லாம் தார் பூசியிருந்தது. அந்தத் தாரில் ஏதோ மின்னியது. நகத்தால் நோண்டி எடுத்தார். பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு!

"என்னங்க தேடறீங்க?"

பின்னால் மாப்பிள்ளை அருணகிரி நின்றான். வெங்கடாசலம் வளையல் துண்டை மடியில் செருகிக்கொண்டு பாயைப் பழையபடி விரித்தார்.

"ஒண்ணுமில்லீங்க தம்பி. இந்த ஒட்டு எப்பப் போட்டது?"

"போன மாசமுங்க. துருப் புடிச்சு ஓட்டை உழுந்துருச்சுங்க."

"வெளிய தெரியாத எடம். அதுக்கென்ன அவசரம்?"

"ஏறுறவங்க காலு உள்ள போயிருமுங்களே."

"ஏறுறவங்கன்னா... பொம்பளைங்களும் ஏறுவாங்களா?"

அருணகிரி கார்க் கதவைச் சாத்தினான். "எங்கம்மாளத் தவுர ஒருத்தரும் ஏறுனதில்லீங்க."

வெங்கடாசலம் உள்ளே போனார். மாப்பிள்ளையின் தாய் ராசம்மாள் அவரைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, இவன் இந்தக் காரை வாங்கி ரெண்டு வருசமாச்சு. இன்னைக்குத்தான் மொத மொதல்ல ஏறுனேன். ஊடு வந்து சேர்ற வரைக்கும் கண்ணையே தொறக்கலீங்க."

"வாயைத் தொறந்தது தொறந்தபடிதான் இருந்துச்சு," என்றார் அவள் புருஷன் கைலாசம். "வழி நெடுக ஒரு சாமி பாக்கியில்லாமக் கூப்புட்டுட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். வெங்கடாசலத்துக்கு மட்டும் சுருக்கென்றது. பெற்ற தாயே இன்றைக்குத்தான் ஏறியிருக்கிறாள். அப்படியானால் போன மாதம் அந்தக் காரில் வளையலை உடைத்துக்கொண்டவள் எவள்?

சமையலறையில் அவர் மனைவி அத்தாயி, வந்தவர்களுக்குப் பணியாரம் வைத்துவிட்டு வந்த மகள் உண்ணாமலைக்குக் கழன்ற கொலுசை மாட்டிக்கொண்டிருந்தாள். இடது கணுக்காலில் நீளமாக ஒரு தழும்பு. போன மாதம் ஜேடர்பாளையத்து அத்தை வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது பஸ் படி கிழித்ததாம். ஆழமான காயம். இன்னமும் லேசாகத் தாங்கித்தான் நடக்கிறாள்.

ஒரு சொல் அதிர்ந்து பேசத் தெரியாத இந்தப் பெண்ணையா, கண்டவளையும் காரில் ஏற்றிக்கொண்டு திரிகிறவனுக்குக் கொடுப்பது?

மனைவியைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனார். "பையன் சரியில்ல. இந்தச் சம்மந்தம் நமக்கு வேண்டாம்."

"அதுக்கு மூஞ்சிக்கு நேரா எப்பிடிங்க சொல்றது? அவங்களுக்குப் புள்ளையப் புடிச்சுப்போச்சு."

"கோயில்ல பூக் கேட்டுட்டுச் சொல்றோம்னு கெளம்பிரலாம்."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது அங்கே வழக்கம். வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் பிரிந்துவிடலாம்.

"சாமி வெள்ளையக் குடுத்துட்டா?"

"ரெண்டுலயும் செவப்பையே கட்டு."

அத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "சாமிகிட்டயேவா?"

"சாமி கேட்டா நான் சொல்லிக்கறேன். நீ கட்டு!"

கோயில் என்றதும் ராசம்மாள் துள்ளி எழுந்தாள். "வெயில்ல எதுக்குங்கண்ணா நடக்கோணும்? பொம்பளைங்க நாங்க மூணு பேரும் கார்லயே போயிர்றோம். ஆம்பளைங்க பேசிக்கிட்டே நடந்து வாங்க."

மறுத்துப் பேச அவருக்குக் காரணம் அகப்படவில்லை. ராசம்மாள் முன்சீட்டில் ஏறினாள். ஏறின கையோடு கண்ணை மூடிக்கொண்டாள். அருணகிரி ஓடிவந்து பின்பக்கத்து இடது கதவைத் திறந்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எத்தனை பேருக்குத் திறந்து பழகின கையோ என்று வெங்கடாசலம் பல்லைக் கடித்தார்.

அத்தாயி காரில் ஏறுவது அதுதான் முதல் தடவை. பூப்பொட்டலங்களை மடியில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்து, புதுப் பாய் மேல் வைக்கக் காலைத் தூக்கினாள்.

அதுவரை நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்ற உண்ணாமலை, பதறிப்போய்த் தாயின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ அம்மா, அங்க மிதிச்சறாத! பாயிக்கு அடியில ஓட்டை!"