கல்லீரல் தந்த நற்சான்று

“பொய் சொல்லணும்னா வாயை மூடிக்கிட்டுச் சொல்லுங்க சார். இப்படித் திறந்து வெச்சுக்கிட்டுச் சொன்னா எனக்கு எல்லாம் தெரிஞ்சிரும்.”

பல் டாக்டர் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாற்காலியில் சாய்ந்து கிடந்தவர் சிரிக்கவில்லை. வாய்க்குள் சின்னக் கண்ணாடியும் கொக்கியும் இருக்கும்போது எப்படிச் சிரிப்பது? அவள் கையை எடுத்ததும், “நான் குடிக்கறதில்ல மேடம்” என்றார் மறுபடியும்.

குடியைப் பற்றிக் கேட்டால் யாரும் முழுக்கணக்கு சொல்வதில்லை என்பது அவளுடைய தொழில் அனுபவம். ‘எப்பவாவது’ என்றால் வாரக் கடைசி. ‘வாரக் கடைசி’ என்றால் தினமும். எதைச் சொன்னாலும் இரண்டால் பெருக்கிக்கொள்வாள். இந்த மனிதரோ சுழியம் என்கிறார். சுழியத்தை எதனால் பெருக்கித் தொலைப்பது?

ஆனால் வாய் வேறு கதை சொன்னது. பற்களின் மேற்பூச்சு தேய்ந்து உள்மஞ்சள் தெரிந்தது. ஈறுகள் இறங்கியிருந்தன. எச்சில் ஊறாமல் வறண்டு கிடந்தது. நாக்கின் இடது ஓரத்தில் அவரை விதை அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு. பஞ்சால் துடைத்தாள், சுரண்டினாள். போகவில்லை.

“அவர் சொல்றது நிஜம் டாக்டர்.” சுவரோரம் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்த மனைவி குரல் கொடுத்தாள். “என் தம்பி குடிச்சே செத்தான். முப்பத்திநாலு வயசு. கடைசில வயிறு வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சளா... ஒரு சொட்டு உள்ள போனாலும் உங்ககூட இருக்க மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் இவருக்குக் கழுத்தை நீட்டினேன். சத்தியம் பண்ணிக் குடுத்தாரு. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு.”

“சிகரெட்? பாக்கு, புகையிலை?”

“காப்பியே குடிக்க மாட்டாரு. காரம் ஆகாது, பூண்டு ஆகாது. ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி சமைச்சுப் போடறேன். எனக்கே நாக்கு செத்துப்போச்சு.”

“காரம் பட்டா எரியுதா சார்?”

“எரியறது இப்பத்தான். காரம் விட்டு ரொம்ப நாள் ஆச்சு. பழகிடுச்சு.”

“என்ன வேலை பார்க்கறீங்க?”

அதற்கும் மனைவியே முந்திக்கொண்டாள். “பாட்டில் ஃபாக்டரில. தரம் பார்க்கற செக்‌ஷன். ஒரு பாட்டில் சரியில்லேன்னாலும் இவர் கையெழுத்துப் போட மாட்டாரு.” அதைச் சொல்லும்போது அவள் முதுகு நிமிர்ந்தது.

“கொப்பளிச்சுத் துப்புங்க.”

அவர் தண்ணீரை வாயில் வாங்கி, அவசரப்படாமல் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினார். பிறகு துப்பினார். பீங்கான் கிண்ணத்தின் நடுத்துளையில் நேராக விழுந்தது. விளிம்பில் ஒரு துளி இல்லை. ஒவ்வொரு நோயாளிக்குப் பின்னும் விளிம்பைத் துடைத்துத் துடைத்து அலுத்த நர்ஸ், அவரை நன்றியோடு பார்த்தாள்.

டாக்டர் அவர் கொண்டுவந்த கோப்பைப் புரட்டினாள். கம்பெனியில் வருஷா வருஷம் எடுக்கும் ரத்தப் பரிசோதனை. சர்க்கரை, கொழுப்பு எல்லாம் ஒழுங்கு. கல்லீரலுக்கு முதல் மார்க்கே கொடுத்திருந்தார்கள்.

“இதுதான் எனக்குப் பிடிபடல” என்றாள். “குடி வாயோட நிக்காது சார். எச்சிலை வத்த வைக்கும், ஈறைக் கெடுக்கும். அப்புறம் கல்லீரல், ரத்த அழுத்தம், தூக்கம், ஞாபகம்னு ஒவ்வொண்ணா கை வைக்கும். உங்க கல்லீரல் பச்சைக் குழந்தையோடது மாதிரி இருக்கு. வாய் மட்டும் இருபது வருஷக் குடிகாரனோடது.”

அவர் தலைக்கு மேல் எரிந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வெள்ளைத் திட்டைப் புற்றுநோய்னு நான் சொல்லல. ஆகலாம்னு சொல்றேன். துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும். எதனால வந்ததோ அதை நிறுத்தலேன்னா, வெட்டி எடுத்தாலும் திரும்ப வரும். என்கிட்ட மறைச்சா எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க நாக்குதான் போகும்.”



“ஏங்க” என்றாள் மனைவி. குரல் மாறியிருந்தது. “தினமும் ஃபாக்டரிலயே குளிச்சிட்டு, பல்லும் தேய்ச்சிட்டுத்தானே வீட்டுக்கு வர்றீங்க. சுத்தக்காரர்னு ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டிருந்தேன். அது எதுக்கு?”

அவர் பீங்கான் கிண்ணத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“டாக்டர் கேக்கறாங்க, சொல்ல மாட்டேங்கறீங்க. நான் கேக்கறேன், சொல்ல மாட்டேங்கறீங்க.” அவள் எழுந்தாள். கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “நான் அக்கா வீட்டுக்குப் போறேன். சாவி பக்கத்து வீட்ல இருக்கும்.”

“உக்காரும்மா.” அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். கழுத்தில் கட்டிய காகிதத் துண்டு மார்பில் கோணலாகத் தொங்கியது. “சத்தியத்தை நான் மீறல. ஆனா பாட்டிலைப் பார்க்கற வேலைன்னு உன்கிட்ட சொன்னது பொய். நான் பார்க்கறது உள்ள இருக்கறதை.”

மனைவி கதவுப் பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. அவர் டாக்டர் பக்கம் திரும்பினார்.

“விஸ்கி, பிராந்தி, ரம்னு தினம் நாப்பது கிளாஸ் மேடம், வாயில வெச்சு உருட்டி ருசி பார்த்துத் துப்பறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். இவளுக்குச் சத்தியம் பண்ணிட்டேனேன்னு, இத்தனை வருஷத்துல ஒரு சொட்டுகூட முழுங்கினதில்ல.”