முடிந்து வைத்த காசு

ராஜமாணிக்கம் மூளைக்காய்ச்சலில் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தபோது, கையில் அகப்பட்ட ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தருகே வைத்தாள் அவர் மனைவி குமுதவல்லி. ஆள் தேறி எழுந்தபின், மலைக்கோயில் உண்டியலில் சேர்க்கலாமென்று முடிச்சை அவிழ்த்தபோதுதான் இருவரும் அந்தக் காசைச் சரியாகப் பார்த்தார்கள். அச்சு விலகி, சிங்கங்கள் ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தன. மீதி இடம் பிறைபோல வெறுமையாக இருந்தது. பழங்காசு வாங்குகிற தாமஸ் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இருபதாயிரம் தருகிறேன் என்றார்.

"உண்டியல்ல வேற ரூவாயப் போட்டுக்கலாம். சாமி என்ன லென்ஸ் வெச்சா பாக்குது?" என்றார் ராஜமாணிக்கம்.

"உங்க உசுருக்கு முடிஞ்சது. எதைப் போடறதுன்னாலும் உங்க கையாலயே போடுங்க" என்று இன்னொரு ரூபாயையும் சேர்த்து அவரிடமே கொடுத்துவிட்டாள் குமுதவல்லி.

உண்டியல் முன்னால் அவர் நின்றுகொண்டே இருந்தார். உள்ளங்கையில் இரண்டு காசும் ஒட்டிக் கிடந்தன.

"நீயே போட்டுடேன் குமுதம்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"சொத்தையா எழுதி வெக்கறீங்க? போட்டுட்டு நகருங்க சார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் சன்னதிப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். உண்டியலுக்குள் ஒரு காசு விழுகிற சத்தம் கேட்டது.

வெளியே வந்தும் அவர் வலது கையைத் திறக்கவில்லை. எதைப் போட்டீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. செருப்பு வாரை இடது கையாலேயே இழுத்துப் பார்த்தார்; மாட்டவில்லை. குமுதவல்லி குனிந்து மாட்டிவிட்டாள். அந்தச் சாக்கில், மறுபடி காய்ச்சலில் கால் சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.