ஐந்தாம் அறைக் கதவில் ஓர் அட்டை

"நான் என்ன திருடியா? நாலு நாளா என்னை உள்ளேயே விடமாட்டேங்கிறா, அந்த மகாராணி!"

சலவை அறையில் காலை நீட்டி உட்கார்ந்து, டீயை உறிஞ்சிக்கொண்டே பொரிந்து தள்ளினாள் மின்னல். கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. மற்றவர்கள் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டும் அறையை அவள் அரை மணியில் சுத்தம் செய்துவிடுவாள்.

கடற்கரையை ஒட்டிய விடுதி. ஒன்பதே அறைகள். அறைகள்தான் சின்னக் கணக்கு. வந்து தங்குகிறவர்கள் எல்லாம் பெரிய இடம்.

மகாராணி தங்கியிருந்தது மாடியில், ஐந்தாம் அறையில். அறுபது வயதிருக்கும். தனியாக வந்திருந்தாள். வந்த அன்றைக்கே கதவில் 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை மாட்டினாள். அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

தினமும் காலையில் மின்னல் புது டவல்களோடு போய் நிற்பாள். கதவு ஒரு சாண் திறக்கும். பழைய டவல்கள் நாலாக மடித்து வெளியே வரும்.

"ரூமைச் சுத்தம் பண்ணிடட்டுமா மேடம்?"

"வேண்டாம்மா. நீ போ."

அவ்வளவுதான். கதவு மூடிக்கொள்ளும்.

"நகை நட்டைப் பரப்பி வச்சிருப்பா. நீ கை வச்சிடுவேன்னு பயம்" என்று எடுத்துக் கொடுத்தாள், வாஷிங் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

மின்னலுக்குச் சுருக்கென்றது. ஏழாம் அறைக்காரர்கள் பாத்ரூமில் பாதிக் கடற்கரையைக் கொட்டி வைக்கிறார்கள். அவர்கள்கூடச் சிரித்த முகமாக ரெண்டு வார்த்தை பேசுகிறார்கள். இவளுக்கு என்ன வந்தது?

அன்றைக்கென்று பார்த்து, ஐந்தாம் அறை ஏ.சி.யிலிருந்து கீழ் அறைக்குத் தண்ணீர் சொட்டியது. கடற்கரையில் இருந்த மகாராணியைப் போனில் கேட்டார்கள். "தாராளமா உள்ள போய்ப் பாருங்க" என்றாள்.

மெக்கானிக்கோடு சூப்பர்வைசரும் போனார். ரெண்டே நிமிடத்தில் மின்னலைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"அட்டை தொங்கினா உள்ள போகக்கூடாதுன்னு இங்க சட்டம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம் ஏன் போனே?"

"நான் போகலையே சார்!"

அவர் கையை நீட்டிக் காட்டினார். கட்டில் விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. நாலு மூலையும் மெத்தைக்கு அடியில் கச்சிதமாகச் செருகியிருந்தது. கண்ணாடியில் ஒரு விரல் தடம்கூட இல்லை.

"இது போகட்டும். இங்க வந்து பாரு."

பாத்ரூமில், டாய்லெட் பேப்பரின் நுனி முக்கோணமாக மடிந்திருந்தது.

அறையைச் சுத்தம் செய்து முடித்தாயிற்று என்பதற்கு அடையாளமாக, வேலைக்காரர்கள் கடைசியாக மடித்துவிட்டு வருவது அது. தங்க வருகிறவர்கள் அதைக் கிழிப்பார்களே தவிர, எந்த ஜென்மத்தில் மடித்தார்கள்?

"சத்தியமா நான் இல்ல சார்."

"பின்னே, பேய் வந்து மடிச்சுதா? அடுத்த மாசம் உன் வேலையை நிரந்தரமாக்கணும்னு எழுதி வச்சிருக்கேன். அதைக் கிழிச்சுப் போட வச்சிடாதே. அந்தம்மா வந்ததும் மன்னிப்புக் கேளு. அவங்க புகார் குடுத்தா நீ இன்னிக்கே வீட்டுக்குத்தான்."

ரெண்டு வருடமாக அவள் காத்திருக்கும் கடிதம் அது. மின்னலின் கண்கள் நிறைந்துவிட்டன. செய்யாத தப்புக்கு மன்னிப்பு! அதுவும் தன்னைத் திருடி என்று நினைக்கிறவளிடம்!

மகாராணி வந்தாள். வாசலிலேயே நின்று, காலில் ஒட்டிய மணலைத் துளி விடாமல் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தாள்.

"மன்னிச்சிடுங்க மேடம்" என்று சூப்பர்வைசர் குழைந்தார். "உங்க அனுமதி இல்லாம இவ ரூமுக்குள்ள வந்து..."

"யாரு, இவளா? வரவே இல்லையே."

"பேப்பர் மடிச்சிருக்கே மேடம்."

எட்டிப் பார்த்த மகாராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, அதையுமா மடிச்சுத் தொலைச்சேன்? இருபத்தெட்டு வருஷம் ஹோட்டல் ரூம் சுத்தம் பண்ணின கை சார் இது. 'நீயும் ஒரு வாரம் ஹோட்டல்ல தங்கி அனுபவிம்மா'ன்னு பொண்ணு அனுப்பி வச்சிருக்கா. நான் ரிட்டயர் ஆயிட்டேன்னு இந்தக் கைக்கு இன்னும் தெரியலை."

சூப்பர்வைசர் அசடு வழிந்தார். "சரி சரி, உன் கடிதத்தை நான் ஒண்ணும் கிழிக்கலை. நீ போய் வேலையைப் பாரு" என்று மின்னலிடம் சொல்லிவிட்டு, மெக்கானிக்கை இழுத்துக்கொண்டு நழுவினார்.

மின்னலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

"நான் திருடிடுவேன்னு பயந்துதான் உள்ள விடலைன்னு நினைச்சேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்?"

"மேடம் என்ன மேடம், அக்கான்னு கூப்பிடு. சொல்லியிருந்தா நீ சும்மா இருப்பியா? 'பரவாயில்லை'ன்னு உள்ள வந்து, துடைச்சதையே திரும்பத் துடைப்பே. அந்த இருபத்தெட்டு வருஷமும் தினம் காலையில வராந்தாவுல நின்னு பார்ப்பேன். ஏதாவது ஒரு கதவுல இந்த அட்டை தொங்காதா, ஒரு அரை மணி நேரம் காலை நீட்டி உட்கார மாட்டோமான்னு இருக்கும். அதான் உனக்காக மாட்டி வச்சேன்."

நாலு நாளாக அந்த அரை மணி நேரத்தில்தான் அவள் சலவை அறையில் காலை நீட்டி உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே, மகாராணியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.