இறக்கை வைத்த பள்ளம்

வாயுவின் அழுத்தம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

அவள் விரல் பொத்தானின் மேல் இருந்தது.

இதுதான் கடைசி வாயு உருளை. இந்தக் குண்டும் பிசகினால் நாளை இந்த அறையை வேறொருவருக்குக் காலி செய்து கொடுக்க வேண்டும். ஐந்து வருட உழைப்பு மண்ணாய்ப் போகும்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், அந்த வாயுவின் வேகத்தில் குண்டை எறியும் துப்பாக்கி. ஆள் நீளத்துக்கு ஓர் இரும்புக் குழல். அதன் வாய்க்கு எதிரே, சற்றுத் தாழ்வாக, ஒரு பெரிய மணல் தட்டு.

மணல் என்பது பேருக்குத்தான். சேலத்துப் பக்கத்து வெள்ளைப் பாறையை நொறுக்கி அரைத்த பொடி அது. நிலவின் மேட்டு நிலம் ஏறக்குறைய இதே பாறை.

நிலவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோம். அங்கே இருப்பது முழுக்க அடி.

எங்கிருந்தோ வந்த கற்கள் அடித்த அடி. விழுந்த இடம் பள்ளம். தெறித்த மண் சுற்றிலும் கோடு கோடாகப் படிந்து கிடக்கிறது. சில அடிகள் இன்னும் மோசம். தரையே பிளந்தது. வெகுகாலம் கழித்து அந்தப் பிளவு வழியாக நெருப்புக் குழம்பு ஏறி, நிரம்பி, கறுத்து உறைந்தது. அதைத்தான் முயல் என்று குழந்தைக்குச் சொல்கிறோம்.

அங்கே காற்று இல்லை, மழை இல்லை. விழுந்த அடி விழுந்தபடியே இருக்கிறது.

அவளைப் பாடாய்ப் படுத்தியது அதில் ஒரே ஒரு பள்ளம். சின்னது. மற்றவற்றில் மண் எல்லாப் பக்கமும் தெறித்திருக்கும். இதில் முன்னும் பின்னும் சுத்தம். இரண்டு பக்கமும் மட்டும் இறக்கை விரித்தாற்போல் வெளுத்துக் கிடந்தது.

தாழப் பறந்து வந்து உரசி அடித்த கல், என்றாள் அவள்.

வாயால் சொன்னால் ஆயிற்றா, அடித்துக் காட்டு என்றார்கள் மற்ற ஆராய்ச்சியாளர்கள்.

அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். ஒன்று, குண்டு வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதும், இல்லையென்றால் ஆழக் குத்தி வட்டமாகத் தோண்டும். இறக்கை வரவே இல்லை. கருத்தரங்குகளில் அவள் பேர் வந்தாலே சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தூக்கத்திலும் கேட்டது.

பக்கத்தில் நின்ற மாசிலாமணிக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

துப்பாக்கியைப் பார்த்துக்கொள்பவர் அவர். முந்தாநாள் ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்துச் சந்தனமும் பொட்டும் வைத்தார். வண்டியாக இருந்தால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றலாம். இதற்குச் சக்கரம் இல்லை. ஆகவே பழத்தை அறுத்து, குங்குமம் தடவி, பாதியைக் குழலின் வாயில் அழுத்தி வைத்தார்.

எடுக்க மறந்துபோனார்.

தடுப்பைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

"இருங்க மேடம், ஒரு நிமிஷம்... பழம் இருக்கு."

அவளுக்குக் கேட்டது.

நன்றாகவே கேட்டது. அவர் கை பக்கவாட்டிலிருந்து குழலின் வாயை நோக்கி நீள்வது தெரிந்தது. சிவப்புக் கோட்டை விட்டு முள் இறங்கத் தொடங்குவதும் தெரிந்தது. வாயு கசிகிறது. இறங்கினால் இறங்கியதுதான். இன்னொரு முறை ஏற்ற உருளையில் ஒன்றும் மிச்சமில்லை.

அழுத்தினாள்.

தடுப்புக் கண்ணாடி அதிர்ந்தது. பழம் அடைத்த வாய் வழியே போக இடமில்லாத வாயு பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு பாய்ந்தது. அங்கேதான் அவர் கை இருந்தது.

சுவரில் சாறும் ரத்தமும் வழிந்தன. அறை முழுக்க எலுமிச்சை மணத்தது.

மாசிலாமணி தரையில் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் பிடித்திருந்தார். பிடித்துக்கொள்ள அதில் அதிகம் இல்லை. கட்டைவிரல் இருந்தது. சுண்டுவிரல் தோலில் தொங்கியது. நடுவில் எதுவும் இல்லை.

அவள் உள்ளே ஓடினாள். அவரிடம்தான் ஓடினாள். அதை நாம் சொல்லியாக வேண்டும்.

வழியில் தட்டு இருந்தது.

பழத்தில் இடறிய குண்டு தன் பாதையை விட்டுச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். வெள்ளைப் பொடியில் ஒரு பள்ளம். முன்னும் பின்னும் சுத்தம். இரண்டு பக்கமும் இறக்கை.

கால் நின்றுவிட்டது.

அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. வெட்கம் கெட்ட சந்தோஷம். அதை அவளால் அடக்க முடியவில்லை.

மாசிலாமணி எழுந்திருக்கப் பார்த்தார். தட்டின் விளிம்பைப் பிடிக்கப் போனவர், உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டார். அந்தப் பொடியை ஐந்து வருடமாக அரைத்துச் சலித்துக் கொட்டியவர் அவர். சொட்டும் கையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்துப் பின்னால் நகர்ந்தார். தரையெல்லாம் ரத்தம் இழுபட்டது. தட்டில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

சத்தம் கேட்டு ஆய்வகத்தின் இயக்குநரும் மற்றவர்களும் ஓடி வந்தார்கள். யாரோ துண்டைச் சுற்றிக் கட்டினார்கள். யாரோ ஆம்புலன்சுக்குப் பேசினார்கள்.

இயக்குநரின் பதற்றம் கோபமாக மாறியது.

"ஓடறதுக்கு முன்னாடி ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதாய்யா?"

மாசிலாமணி அவளைப் பார்த்தார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

"தட்டுப் பக்கம் யாரும் வராதீங்க" என்றாள்.

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"தோணலைங்க சார்" என்றார்.