கைகளைக் கட்டிக்கொண்டு

"கையைக் கட்டிக்கிடுங்க. வாயால மட்டும் சொல்லுங்க. அவர் செய்யட்டும்."

பயிற்சி நடத்தும் ரெஜினா சொன்னதும் அவள் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

டயாலிசிஸ் பிரிவில் பதினாறு வருடம். இப்போது, பிறருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று கற்றுக்கொள்ள வந்திருக்கிறாள். எதிரே நின்றவர் எக்ஸ்ரே எடுப்பவர். இந்த வேலையில் அவருக்கு ஒன்றும் தெரியாது.

மேசையில் ஒரு வடிகட்டி. நோயாளியின் இரத்தம் இதற்குள் ஓடித்தான் சுத்தமாகும். ஒருமுறை பயன்படுத்தியதைக் கிருமிநாசினியில் ஊறவைத்து, அவருக்கே மறுபடி மாட்டுவார்கள்.

அவள் சொன்னாள். அவர் செய்தார்.

சலைன் விட்டு அலசினார். காற்றை வெளியேற்றினார். குழாய்களை இணைத்தார்.

"இனி மாட்டலாமா, மேடம்?"

"மாட்டலாம்."

ரெஜினா மேசையின் ஓரத்தைக் காட்டினாள்.

"அப்ப இந்த டப்பா எதுக்கு?"

சோதனைப் பட்டைகள். அலசிய பிறகும் கிருமிநாசினி மிஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மிஞ்சியிருந்தால் நேரே இரத்தத்துக்குள் போகும்.

ஒருநாளும் அவள் அதைத் தவறவிட்டதில்லை. கை தானாகச் செய்துவிடும்.

வாய் ஒருநாளும் சொன்னதில்லை.

முப்பிடாதி.

போன மாதம் அவள் பழக்கிவிட்ட பெண். இந்த வாரம் புதுக் கிளையில் தனியாக.

மணி பத்தே முக்கால். அங்கே இன்றைய முதல் நோயாளி பதினோரு மணிக்கு.

அவள் வராந்தாவுக்கு ஓடினாள்.

முப்பிடாதியின் செல்போன் அணைந்திருந்தது. வார்டுக்குள் போன் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அதை மட்டும் சொல்ல மறக்கவில்லை.

வார்டு எண்ணை அடித்தாள். மூன்றாவது முறை முப்பிடாதியே எடுத்தாள்.

"அந்தப் பட்டையாக்கா? நீங்க செய்யுததப் பாத்திருக்கேன். நானும் முக்கிப் பாப்பேன்."

அவளுக்கு மூச்சு வந்தது.

"எதுக்குன்னுதான் தெரியாது. உங்ககிட்ட கேக்கப் பயமா இருந்துச்சு."

அவள் சுவரில் சாய்ந்தாள்.

"நேத்து டப்பா தீந்துட்டுக்கா. அதான் சாயங்காலம் ஒருத்தருக்கு மட்டும் பாக்கல."

"அவருக்கு என்ன செஞ்சுது?"

"ஒண்ணும் செய்யல. கை எரியுதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஊசி எரிச்சல்னு நெனச்சேன்."

"இன்னைக்கு யாருக்கும் மாட்டாத. டாக்டரக் கூப்பிடு. கை எரியுதுன்னவரு நம்பரச் சொல்லு."

உள்ளங்கையில் எழுதினாள். ஏழாவது எண் வியர்வையில் கலைந்தது. மறுபடி கேட்டு எழுதினாள்.

அந்த எண்ணில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்தா? அவுக இன்னும் எந்திரிக்கல. நேத்து வந்ததுல இருந்தே அசந்து தூங்குதாக. எழுப்பணுமாம்மா?"

"எழுப்புங்க."

போனைக் கீழே வைக்கும் சத்தம்.

பிறகு, தூரத்தில், அந்தப் பெண் கூப்பிடுவது கேட்டது. மெதுவாக.

கொஞ்சம் சத்தமாக.